விலங்கின் மனமும் ‘போல’ என்னும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



எந்தக் கவியரங்கத்தை எடுத்துக்கொண்டாலும், மனிதருக்கு அடுத்தபடியாக மேடைக்கு மிகுதியும் அழைக்கப்படுவோர் விலங்குகளும் பறவைகளுமே ஆவர். குயில் காதலுக்கு வருகிறது. காகம் ஒற்றுமைக்கு வருகிறது. நரி அரசியலுக்கு வருகிறது. கழுதை, பெயர் சொல்ல விரும்பாத எதிரிக்காக வருகிறது. வந்தவற்றுள் எதற்கும் வழிச்செலவு தரப்படுவதில்லை; பேசும் வாய்ப்பும் தரப்படுவதில்லை. அவற்றின் சார்பில் கவிஞரே பேசி முடித்து, கைதட்டலையும் தாமே பெற்றுக்கொள்கிறார். பத்தாம் ஆண்டின் நிறைவிலாவது அந்த விருந்தினர்க்குச் சிறிது நேரம் ஒதுக்குவது முறையாகும்.

விலங்கு எண்ணுகிறதா? முடிவு செய்கிறதா? கற்பனை செய்கிறதா? முதல் இரண்டு வினாக்களையும் அறிவியலாரிடம் விட்டுவிடலாம். மூன்றாவது வினா அப்படிப்பட்டதன்று. கற்பனை மனிதர்க்கே உரியது, அதிலும் சிறப்பாகத் தமக்கே உரியது என்னும் நம்பிக்கையின்மேல்தான் கவிஞர் தம் இருக்கையைப் போட்டு அமர்ந்திருக்கிறார். ஓர் எலிக்கும் அதில் பங்கு உண்டு என்று தெரியவந்தால் அவ்விருக்கையின் கால் ஆடுமா, ஆடாதா? இவ்வுரையின் பொருள் அதுவே.

ஏணியும் வாயிலும்

தமிழில் இவ்வினா புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையன. நத்தை போல்வன சுவையும் சேர இரண்டறிவின. கறையானும் எறும்பும் மோப்பமும் சேர மூன்றறிவின. நண்டும் தும்பியும் பார்வையும் சேர நான்கறிவின. விலங்குகள் கேள்வியும் சேர ஐந்தறிவின. மனத்தையும் சேர்த்து ஆறறிவு பெற்றவர் மக்கள்.

மேடைப் பேச்சில் இந்த ஏணி பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். ‘ஆறறிவு படைத்த மனிதன்’ என்று முழங்கிவிட்டு, பேச்சாளர் தண்ணீர் அருந்துவார். ஆனால் நூல் அத்துடன் முடியவில்லை. மக்களை உச்சியில் ஏற்றிய அதே மூச்சில், அக்கிளையில் பிறவும் உள்ளன என்று கூறி ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. அவ்வாயில் வழியாக யார் யார் உள்ளே வரலாம் என்று உரையாசிரியர்கள் ஆராய்ந்தனர். பிற்காலத்தார் ஏணியை நினைவில் வைத்துக்கொண்டு வாயிலை மறந்துவிட்டனர்.

அந்நூலிலேயே கவிஞர்க்கு மிக வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. ஞாயிறு, திங்கள், கடல், மரம், விலங்கு, பறவை, தன் நெஞ்சு ஆகியவற்றைச் சொல்லுவன போலவும் கேட்பன போலவும் வைத்துப் பாடலாம் என்று செய்யுளியல் இசைவு தருகிறது. இசைவைத் தந்த இலக்கணம் அதனுடன் ஒரு சொல்லையும் காவலாக நிறுத்தியிருக்கிறது. ‘போல’ என்பதே அச்சொல். பறவை பேசுகிறது என்று இலக்கணம் சொல்லவில்லை. பேசுவது போல என்றது. மிகச் சிறிய சொல்தான். அது நழுவிய இடங்களில் என்னென்ன நேர்ந்தன என்பதற்கு உலக வரலாற்றில் வேடிக்கையான சான்றுகளும் உள்ளன, கொடிய சான்றுகளும் உள்ளன.

‘போல’ நழுவிய இடங்கள்

1386ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஃபலேஸ் என்னும் ஊரில் ஒரு பெண்பன்றி ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டது. அதனை விசாரித்துத் தண்டனை வழங்கித் தூக்கிலிட்டார்கள். பன்றியும் மனிதரைப் போல் நன்மை தீமை அறிந்து, திட்டமிட்டுக் குற்றம் செய்யும் என்று கொண்டால்தான் அவ்விசாரணைக்குப் பொருள் உண்டு. அங்கே ‘போல’ முற்றிலும் மறக்கப்பட்டுப் பன்றி மனிதராகவே ஆக்கப்பட்டது.

இரண்டரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டுத் தத்துவ அறிஞர் டேகார்ட் மறுகரைக்குச் சென்றார். 1637இல் வெளிவந்த தம் நூலில், விலங்கு பகுத்தறிவற்ற இயந்திரம் என்று வாதிட்டார். கடிகாரம் எண்ணாமலே மணி காட்டுவது போல விலங்கும் எண்ணாமலே இயங்குகிறது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைப் பின்பற்றிய சிலர்க்கு நாயின் அலறல் உருளையின் கிறீச்சொலியாகவே பட்டது. ஒருவர் விலங்கை மனிதராக்கித் தூக்கிலிட்டார். மற்றவர் விலங்கைப் பொறியாக்கி அதன் வலியைக் கேளாச் செவியரானார். இரண்டு வழியிலும் துன்புற்றது விலங்கே. ஆகவே விலங்கின் மனத்தைப் பற்றி எந்தச் சொல்லைக் கையாளுவது என்பது ஓய்வு நேரத்துச் சொல்லாராய்ச்சி அன்று.

கணக்குத் தெரிந்த குதிரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் வான் ஆஸ்டென் என்னும் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் இருந்தார். அவர் ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால் ஹான்ஸ் குளம்பால் ஏழு முறை தட்டும். பின்னங்களையும் கூட்டும், நாள்காட்டிக் கணக்கும் சொல்லும். 1904இல் ஓர் ஆய்வுக்குழு வந்து பார்த்தது. ஏமாற்று எதுவும் இல்லை என்றே கூறிச் சென்றது.

பின்னர் ஆஸ்கார் ஃபங்ஸ்ட் என்னும் இளம் ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவர்க்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் காண முடியாதவாறு மறைத்தபோதும் தெரியவில்லை. உண்மை விளங்கியது. குதிரை தட்டத் தொடங்கியதும் கேட்பவரின் தலை மிகச் சிறிது குனிகிறது. சரியான எண் வந்ததும் அவரை அறியாமலே நிமிர்கிறது. அந்நிமிர்வைக் கண்டதும் குதிரை நிறுத்திவிடுகிறது. 1907இல் ஃபங்ஸ்டின் நூல் வெளிவந்தது. ஐரோப்பா சிரித்தது.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். ஒரு கூட்டத்து அறிஞர்களின் கண்ணுக்கெல்லாம் தப்பிய ஓர் அசைவை, அசைந்தவர்க்கே தெரியாத அசைவை, அக்குதிரை படித்திருந்தது. அதற்குக் கணக்குத் தெரியாதுதான். மனிதரைப் படிக்கத் தெரிந்திருந்தது. தமக்குத் தெரிந்த அறிவு அதனிடம் இருக்கிறதா என்று தேடியவர்கள், அதனிடம் இருந்த அறிவைக் கண்டும் காணாது போனார்கள்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் அறிவியல் மிக எச்சரிக்கை கொண்டது. தாழ்ந்த திறன் ஒன்றால் விளக்கக்கூடியதை உயர்ந்த திறன் கொண்டு விளக்கலாகாது என்று லாயிட் மார்கன் 1894இலேயே வகுத்திருந்த விதி இப்போது வேதவாக்காயிற்று. பல பத்தாண்டுகள் விலங்கைப் பற்றி எழுதுவோர் ‘எண்ணியது’, ‘விரும்பியது’, ‘அஞ்சியது’ என்று எழுதக் கூசினர். வௌவால் எதிரொலியால் வழி அறிகிறது என்று கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான டொனால்ட் கிரிஃபின் 1976இல் விலங்கின் விழிப்புணர்வைப் பற்றித் துணிந்து நூல் எழுதிய பிறகே அக்கூச்சம் மெல்லத் தளரத் தொடங்கியது.

உண்ணியின் நோன்பும் எறும்பின் பொய்க்காலும்

கூச்சம் தளர்வதற்கு முன்பே வேறு வழியில் சென்ற ஒருவர் உண்டு. யாக்கோப் வான் யூக்ஸ்குல் என்னும் உயிரியலார் 1934இல் எழுதிய சிறு நூலில் ஓர் உண்ணியின் உலகத்தை வரைந்து காட்டினார். அவ்வுலகில் மூன்று பொருள்களே உண்டு. பாலூட்டியின் வியர்வை நாற்றம் ஒன்று. உடலின் வெப்பம் ஒன்று. மயிரற்ற தோலின் தொடுகை ஒன்று. நிலவு, மலர், இசை ஆகிய எவையும் அங்கில்லை. கிளை நுனியில் காத்திருக்கும் உண்ணி நாற்றம் வந்தால் விழும். வெப்பத்தில் விழுந்தோம் என்று அறிந்தால் தோலைத் தேடும். ரோஸ்டாக் நகர ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் உணவின்றி உயிரோடிருந்த உண்ணிகளைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார். பதினெட்டு ஆண்டு உண்ணாமலிருந்த ஒன்றிற்குத் தமிழில் ‘உண்ணி’ என்று பெயர் வாய்த்திருப்பது மொழியின் குறும்பு எனலாம்.

ஒவ்வோர் உயிரும் தனக்குப் பொருளாவனவற்றை மட்டும் கொண்டு ஓர் உலகம் கட்டிக்கொண்டு அதனுள் வாழ்கிறது என்பது யூக்ஸ்குல் தந்த பாடம். அவ்வுலகத்தின் வாயிலில் நின்று எட்டிப்பார்க்கத் தனித்திறன் வேண்டும். வேடிக்கை மனமும் வேண்டும். சகாராப் பாலைநிலத்தின் உப்பு மணற்பரப்பில் வாழும் ஓர் எறும்பினத்தின் மேல் நடந்த சோதனை இதற்குச் சான்று. இரை தேடி வளைந்து வளைந்து நெடுந்தொலைவு செல்லும் அவ்வெறும்பு, இரை கிடைத்ததும் நேர்கோட்டில் வளைக்குத் திரும்புகிறது. திசையை வானத்தின் ஒளியால் அறிகிறது என்று முன்பே தெரிந்திருந்தது. தொலைவை எதனால் அறிகிறது?

2006இல் வெளியான ஆய்வில் விடை கிடைத்தது. வளையிலிருந்து இரை இருக்கும் இடம்வரை எறும்புகளை இயல்பாக நடக்கவிட்டு, அவற்றுள் சிலவற்றின் கால்களில் பன்றி மயிரால் பொய்க்கால் ஒட்டினார்கள். சிலவற்றின் கால்களைக் குறுக்கினார்கள். வீடு திரும்பியபோது பொய்க்கால் எறும்புகள் வளையைத் தாண்டிச் சென்று தேடின. குறுங்கால் எறும்புகள் வளைக்கு முன்னரே நின்று தேடின. அவை ஒருவகையில் அடிகளின் கணக்கை வைத்திருந்தன. வந்த அடிகளின் அளவே திரும்பும் அடிகளின் அளவும். அடியின் நீளம்தான் மாறிவிட்டது.

சீர் தளை எண்ணி அடி அமைக்கும் புலவர் பரம்பரைக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரவேண்டும். அடிக்கணக்குப் பிழைத்தால் எறும்புக்கு வீடு தப்பிவிடுகிறது. வெண்பாவுக்கு ஈற்றடி தப்பிவிடுகிறது. ஆனால் எறும்பு எண்ணுவது மனிதர் எண்ணுவது போன்றது என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. ‘ஒன்று, இரண்டு’ என்று அதன் உள்ளே ஒரு குரல் ஒலிப்பதாக எவரும் காட்டவில்லை. எண் இல்லாத எண்ணிக்கை ஒன்று அங்கே நிகழ்கிறது. அதற்குரிய சொல் இன்னும் பிறக்கவில்லை. சொல் பிறக்காத இடமே கவிஞரின் நிலம் என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

தேனீக்களின் செயற்குழு

முடிவெடுத்தல் என்னும் கலைக்கு வருவோர்க்குத் தேனீக்களே ஆசிரியர். கார்ல் வான் ஃபிரிஷ் தேனீயின் ஆட்டத்தில் மொழியைக் கண்டவர். 1973இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1949ஆம் ஆண்டின் வசந்தத்தில் மூனிச் நகரில் ஒரு விந்தையைக் கண்டார். கூட்டை விட்டுப் பிரிந்து கிளையில் தொங்கிய தேனீத்திரள் ஒன்றின்மேல் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் உடலில் மகரந்தம் இல்லை. புகைக்கரியும் செங்கற்பொடியும் படிந்திருந்தன. அவை உணவைச் சொல்ல வந்தவையல்ல. புகைபோக்கியிலும் இடிந்த சுவரிலும் புகுந்து பார்த்து, புதுமனைக்கு இடம் சொல்ல வந்தவை. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நகரத்தில் இடிந்த சுவர்களுக்குப் பஞ்சமில்லை. மனிதர் இழந்த வீடுகளில் தேனீக்கள் வீடு தேடிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சீலி பின்னர் அந்த ஆய்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். பத்தாயிரம் அளவிலான திரளில் சில நூறு தேனீக்கள் மட்டும் ஒற்றர்களாகப் புறப்படுகின்றன. ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவு, சிறிய வாயில், தரையிலிருந்து நல்ல உயரம் ஆகியவை அவை விரும்பும் மனையின் இலக்கணம். இடத்தைக் கண்ட ஒற்றன் திரும்பி வந்து ஆடுகிறது. இடம் சிறந்ததாயின் ஆட்டச் சுற்றுகள் மிகுதி. இடம் சுமாரானால் குறைவு. பார்த்த வேறு சில ஒற்றர்கள் தாமே சென்று இடத்தைச் சோதிக்கின்றன. பிறகே அவையும் ஆடுகின்றன. இராணித் தேனீ இவ்விவாதத்தில் பங்கு கொள்வதே இல்லை. தலைமைக்கு நாற்காலி மட்டுமே உண்டு, வாக்கு இல்லை.

இதில் வியக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. தன் இடம் எவ்வளவு சிறந்ததாயினும் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஒற்றன் முன்னைவிடக் குறைவாகவே ஆடுகிறது; சில முறைக்குப் பின் ஓய்ந்துவிடுகிறது. தோற்று ஓய்வதில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஓய்கிறது. ஆகவே பழைய கட்சி பிடிவாதத்தால் நிற்பதில்லை. புதியவர் சென்று பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நிற்கிறது. எதிர்க்கட்சி ஆடும்போது தலையால் முட்டிச் சிறு ஒலியெழுப்பி, ‘போதும்’ என்பது போலத் தடுக்கும் வழக்கமும் உண்டென்று 2012இல் சீலியும் குழுவினரும் வெளியிட்டனர். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது ஒற்றர்கள் கூடிவிட்டால் அதுவே நிறைவெண். உடனே திரள் பறக்க ஆயத்தமாகிறது.

பத்தாண்டு செயற்குழுக் கூட்டங்களை நடத்தியுள்ள ஓர் அவையில் இதற்கு விரிவுரை தேவையில்லை. முடிவு எந்தத் தேனீயின் தலைக்குள் நிகழ்ந்தது என்று கேட்டால் விடை கிடையாது. எந்தத் தலையிலும் முழுதாக இல்லை. தலைகளுக்கு இடையே நிகழ்ந்தது. ‘மனம்’ என்பது ஒரு மண்டைக்குள் அடங்கிய ஒன்று என்னும் எண்ணத்தையே இச்சிற்றுயிர் அசைத்துப் பார்க்கிறது.

சந்தியில் நின்ற எலி

இனி அந்த மூன்றாவது வினா. இருவழி பிரியும் இடத்தில் எலி ஒன்றை விட்டால், அது சில வேளைகளில் உடனே ஓடுவதில்லை. நின்று இப்பக்கம் ஒரு முறை, அப்பக்கம் ஒரு முறை தலை திருப்புகிறது. 1930களிலிருந்தே ஆய்வாளர்கள் இத்தயக்கத்தைக் குறித்து வைத்துள்ளனர். எலியின் தலைக்குள் ஒரு நிலப்படம் இருக்கிறது என்று எட்வர்ட் டோல்மன் 1948இல் எழுதியபோது பலர் அதை உருவகம் என்றே கருதினர். 1971இல் ஜான் ஓகீஃபும் அவருடைய மாணவரும் எலியின் மூளையில் இடத்திற்கு ஓர் உயிரணு என்னும்படி, குறித்த இடத்தில் மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டதாக வெளியிட்டனர். 2014இல் ஓகீஃபுக்கு நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. உருவகம் உடலாகிவிட்டது.

2007இல் ஆடம் ஜான்சன், டேவிட் ரெடிஷ் ஆகிய இருவரும் சந்தியில் நிற்கும் எலியின் அவ்வணுக்களைக் கேட்டுப் பார்த்தனர். எலியின் உடல் சந்தியில் நின்றது. ஆனால் துடித்த அணுக்கள் முன்னே உள்ள பாதைக்குரியவை. முதலில் ஒரு பாதை வழியே துடிப்பு ஓடியது. பிறகு மற்றப் பாதை வழியே ஓடியது. கால் வைக்காத வழியில் மூளை முன்சென்று பார்த்துத் திரும்பியது. உறங்கும் எலியின் மூளையிலும் பகலில் ஓடிய பாதைகள் மீண்டும் ஓடுகின்றன என்று 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனைக் கனவு என்று உறுதியாகச் சொல்ல எலியை எழுப்பிக் கேட்க வழியில்லை. கனவு போல என்று சொல்லத் தடையில்லை.

2023 நவம்பரில் ஒரு படி மேலே சென்ற ஆய்வு அமெரிக்காவில் வெளிவந்தது. சுற்றிலும் திரை, திரையில் தோன்றும் ஓர் இடம், நடுவே உருளும் பந்தின்மேல் எலி. எலி ஓட ஓடத் திரையில் இடம் மாறும். எந்த இடத்திற்கு எந்தத் துடிப்பு என்று கருவி கற்றுக்கொண்டபின், பந்துக்கும் திரைக்கும் உள்ள தொடர்பை அறுத்தனர். இனிக் காலால் பயனில்லை. மூளையின் துடிப்பு எந்த இடத்தைக் குறிக்கிறதோ அவ்விடத்திற்கே திரை செல்லும். எலிகள் இலக்கை அடைந்தன. வேறொரு சோதனையில், தாம் இருந்த இடத்தில் இருந்தவாறே ஒரு பொருளை இலக்குக்கு நகர்த்தி, பல நொடிகள் அங்கேயே நிறுத்தியும் வைத்தன. இல்லாத இடத்தை உள்ளத்தில் வேண்டியபோது வரவழைத்து நிறுத்தும் திறனுக்கு வேறு பெயர் உண்டா? கவிஞர் அதைத் தம் தொழில் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

பாம்பின் கால் பாம்பறியும்

எலி இடத்தைக் கற்பனை செய்கிறது, பிறர் உள்ளத்தை? மேற்கு அமெரிக்காவில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஸ்க்ரப் ஜே’ என்னும் நீலப் பறவை உணவை மண்ணில் புதைத்து வைக்கும். நிக்கோலா கிளேட்டனும் அந்தோணி டிக்கின்சனும் 1998இல் அதன் நினைவைச் சோதித்தனர். எதை, எங்கே, எவ்வளவு காலத்திற்கு முன் புதைத்தது என்பதெல்லாம் அதற்கு நினைவிருக்கிறது. சில மணி நேரமாயின் விருப்பமான புழுவைத் தோண்டுகிறது. ஐந்து நாளாகிப் புழு அழுகியிருக்கும் என்றால் நிலக்கடலையைத் தோண்டுகிறது.

நாதன் எமரியும் கிளேட்டனும் 2001இல் வெளியிட்டது இன்னும் சுவையானது. தான் புதைக்கும்போது வேறொரு பறவை பார்த்திருந்தால், அது போனபின் இப்பறவை தனியே வந்து உணவை எடுத்து வேறிடத்தில் புதைத்துவிடுகிறது. எல்லாப் பறவையும் அப்படிச் செய்வதில்லை. முன்பு பிறர் உணவைத் திருடிய பறவையே அப்படிச் செய்கிறது. திருடியறியாத பறவை மாற்றுவதில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்னும் பழமொழிக்கு இதைவிடச் சிறந்த உரை எங்கே கிடைக்கும்? தன் பழைய செயலைக் கொண்டு இன்னொருவரின் வருஞ்செயலை அளக்கிறது அப்பறவை. கதை எழுதுவோர் செய்வதும் ஏறத்தாழ அதுவே.

வலைச் சிலந்திகளை வேட்டையாடும் ‘போர்ஷியா’ என்னும் குதிக்கும் சிலந்தி வேறொரு வகைக் கலைஞர். பிற சிலந்தியின் வலையோரத்தில் நின்று கால்களால் வலையை மீட்டுகிறது. ஒரு தாளம் பயனளிக்காவிட்டால் வேறு தாளம். வலைக்குரியவர் அசைந்து வருமளவும் மாற்றி மாற்றி மீட்டும். பயன்பட்ட தாளத்தைத் தொடரும். 1993இலேயே இதனை ராபர்ட் ஜாக்சனும் ஸ்டிம் வில்காக்ஸும் விளக்கினர். கேட்பவர் அசையும்வரை சந்தத்தை மாற்றிப் பார்க்கும் இம்முறையை எந்தக் கவியரங்கக் கவிஞரும் உடனே அறிந்துகொள்வார். வேறுபாடு ஒன்றே, அங்கே அசைந்து வந்தவர் உண்ணப்படுவார்.

இவை யாவும் வயிற்றுக்கான அறிவு என்று ஒருவர் சொல்லக்கூடும். அதற்கும் மறுப்பு உண்டு. இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், ‘பம்பிள் பீ’ எனப்படும் பருத்த தேனீக்கள் சிறு மரப்பந்துகளை உருட்டின. உணவு தடையின்றி வேறிடத்தில் கிடைத்தது. பந்தால் எவ்வூதியமும் இல்லை. எனினும் 45 தேனீக்களும் உருட்டின. ஒன்று 117 முறை உருட்டியது. இளையவை மூத்தவற்றைவிட மிகுதியாக உருட்டின. பயன் கருதாது மீண்டும் மீண்டும் ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு விளையாட்டு என்று பெயர். அதற்கு யாப்பு ஒன்று சேர்ந்தால் அவ்விளையாட்டையே கவிதை என்கிறார்கள்.

கவிஞர்க்கு எஞ்சுவது

அவையோரே, ஏணியின் படிகள் இவ்வாறு ஒவ்வொன்றாக நெகிழ்ந்துவிட்டன. அறிவியலார் பலர் 2012இல் கேம்பிரிட்ஜிலும், 2024 ஏப்ரலில் நியூயார்க்கிலும் விலங்கின் உணர்வுநிலையை ஏற்று அறிக்கை வெளியிட்டனர். பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் முதுகெலும்புடையவற்றோடு எண்காலி மீன், நண்டு போன்றவற்றையும் உணர்வுள்ள உயிராகக் கணக்கில் சேர்த்தது. மரபியல் திறந்து வைத்த வாயிலில் இப்போது கூட்டம் மிகுந்துவிட்டது. அப்படியானால் கவிஞரின் இருக்கை?

எலி தன் இனிப்பு இருக்கும் இடத்தையே கற்பனை செய்கிறது. நீலப் பறவை தன் புதையலைத் திருடக்கூடியவரையே கற்பனை செய்கிறது. இதுவரை அறிந்த அளவில், எலியின் உள்ளத்தில் பறவை எப்படி எண்ணும் என்னும் கவலை இருந்ததாகச் சான்றில்லை. தனக்கு எப்பயனும் இல்லாத, தன் உடலுக்கு ஒவ்வாத ஒரு வாழ்வைக் கூட உள்ளத்தில் நடத்திப் பார்க்க முனைவதும், முனையும்போதே அது முழுவதும் கைகூடாது என்று அறிந்திருப்பதும் மனிதரிடம் காணப்படுகின்றன. வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று தாமஸ் நேகல் 1974இல் ஒரு கட்டுரையில் கேட்டார். தலைகீழாகத் தொங்கிப் பார்ப்பதால் அது தெரிந்துவிடாது என்றார். தெரிந்துவிடாது என்று தெரிந்தும் தொங்கிப் பார்க்கும் உயிர் ஒன்று உண்டு. ‘போல’ என்னும் சொல்லை அவ்வுயிரே படைத்தது.

அச்சொல்லைக் கையாளும் வழியைப் பழந்தமிழ் அகப்பாட்டு முன்னரே காட்டியிருக்கிறது. குறுந்தொகைப் பாலைப் பாட்டு ஒன்றில் பெண்யானையின் பசி தீர்க்க ஆண்யானை யா மரத்தை உரிக்கிறது. பொருள் தேடிப் பிரிந்தவன் செல்லும் வழியில் அது நிகழ்வதாகத் தோழி சொல்கிறாள்; பிரிவால் வருந்தும் தலைவிக்கு அதுவே ஆறுதல். யானை பேசவில்லை. காதலுக்கு இலக்கணம் கூறவில்லை. மரத்தை உரிக்கும் தன் வேலையை மட்டுமே செய்கிறது. யானை யானையாகவே இருப்பதால்தான் அக்காட்சி மனிதர் நெஞ்சில் தைக்கிறது. உள்ளுறை, இறைச்சி என்று இலக்கணம் பெயரிட்ட நெறிகளின் உயிர் இதுவே. நீதிக்கதையின் நரி வாய் திறந்தவுடன் நரி மறைந்து மனிதர் வந்துவிடுகிறார். அகப்பாட்டின் யானை வாய் திறவாமலே மனிதரையும் தன்னையும் ஒருங்கே காட்டிவிடுகிறது.

உற்று நோக்கி, செயலை மட்டும் சொல்லி, உள்ளத்தை ஊகத்திற்கு விடும் அம்முறை ஃபங்ஸ்டின் பொறுமைக்கும் லிண்டவரின் பொறுமைக்கும் அயலானதன்று. செங்கற்பொடி படிந்த தேனீயைக் கண்டவர் முதலில் கவனித்தது அதன் உடலில் ஒட்டியிருந்த தூசியை. அதன் பிறகே அதன் நோக்கத்தை ஊகித்தார். கவிதைக்கும் அவ்வரிசையே பொருந்தும்.

ஆகவே இந்த வட்டம் தன் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்போது ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த கவியரங்கத்திற்குக் காகத்தை அழைப்போர் அதன் கையில் ஒற்றுமைப் பதாகையைக் கொடுக்காதிருக்கலாம். அது எதைப் புதைக்கிறது, யார் பார்க்கும்போது புதைக்காமல் இருக்கிறது என்று ஒரு காலைப்பொழுது கூரைமேல் பார்த்துவிட்டு எழுதலாம். கழுதைக்கும் ஒரு முறை வேறு வேலை கொடுக்கலாம். பாட்டு முடிந்தபின் அதில் காகம் எஞ்சியிருந்தால் பாட்டும் எஞ்சும்.